லாலி பிரபு

லாலி பிரபு (1702 - மே 9, 1766) என்று அறியப்படும் தாமஸ் ஆர்தர் லாலி, பிரெஞ்சு இந்தியாவின் தலைமைப் படைத்தளபதியும் நிருவாகியும் ஆவார். அயர்லாந்து வழித்தோன்றலான இவர் பிரான்சில் பிறந்தார்.

ஏழாண்டுப் போரின்போது 1758 ஏப்ரலில் புதுச்சேரியை அடைந்து, சூன் 2 அன்று கடலூரின் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார். பணத்தட்டுப்பாட்டைப் போக்கத் தஞ்சாவூர் மீது படையெடுத்துத் தோல்வியுற்றார். ஐதராபாத்திலிருந்து புஸ்ஸியைத் திரும்ப அழைத்ததால் தக்காணத்தில் பிரெஞ்சுச் செல்வாக்குச் சரிந்தது. 1758 டிசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகை, ஆங்கிலேயக் கப்பல்களின் வருகையால் 1759 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் அயர் கூட்டிடம் தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது.

சிறைக்கைதியாக இங்கிலாந்து கொண்டு செல்லப்பட்ட லாலி, தம்மீதான துரோகக் குற்றச்சாட்டை எதிர்கொள்ளத் தாமே முன்வந்து பிரான்சு திரும்பினார். ஆயினும் பாரிசில் தலை துண்டிக்கப்பட்டார். மகனின் முயற்சியாலும் வோல்ட்டேரின் ஆதரவாலும் 1778 இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.