அலிபாபா கதை ஏன் அழியவில்லை?



பத்து பாகாட் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் உளியால் செதுக்கிய பாறை என்று பொருள். பாறையைத் திறக்க உளியும் கைவலிமையும் வேண்டும். ஒரு சொல்லுக்கே திறந்துகொண்ட பாறையும் ஒன்று உண்டு. "திறந்திடு சீசேம்" என்றால் திறக்கும் அலிபாபாவின் குகையை அறியாத பிள்ளை நம்மிடையே உண்டா?

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பொழுது சாயுமுன்பே பாயும் சாக்கும் கொண்டுபோய் இடம் பிடிப்பார்கள். அந்தத் துணி போய்த் தொலைக்காட்சி வந்தது. இன்று கைப்பேசியிலும் அதே குகை திறக்கிறது. இந்தக் கதை ஏன் பழையதாவதில்லை?

முதல் காரணம், கதைத் தலைவன் நம்மைப் போன்ற உழைப்பாளி. காட்டில் விறகு வெட்டிப் பிழைப்பவன். அவனுக்குக் கிடைத்த திறவுகோல் ஒரு சொல். சீசேம் என்பது நம் எள்தான். பேராசை பிடித்த அண்ணன் காசிம் குகைக்குள் பொன்னை அள்ளி முடித்தபோது, அந்தச் சிறு எள்ளின் பெயர் அவனுக்கு மறந்துபோயிற்று. வேறு தானியங்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தான், கதவு அசையவில்லை. பேராசை அறிவை மறைக்கும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா?

இரண்டாவது காரணம் மார்ஜியானா. திருடன் அலிபாபா வீட்டுக் கதவில் அடையாளக் குறி இட்டுப் போகிறான். அதைக் கண்ட அந்தப் பணிப்பெண், அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே குறியை இட்டுவிடுகிறாள். லயத்து வீடுகள்போல எல்லாம் ஒன்றாகிவிட, வந்த திருடர்கள் திகைக்கிறார்கள். வாள் ஏந்திய கூட்டத்தை ஏழைப் பெண்ணின் கூர்மதி வெல்கிறது.

மூன்றாவது காரணம், இக்கதை போன இடமெல்லாம் அந்த ஊர் உடையை உடுத்திக்கொண்டது. 1941-இல் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் இதைத் தமிழ்த் திரையில் நடித்தார்கள். 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் இதையே தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக எடுத்தார். எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மார்ஜியானா. உண்மையிலும் எம்.ஜி.ஆரின் அண்ணனான சக்கரபாணியே காசிமாக வந்தார். 1961-இல் பி.ரம்லி இதை மலாய் நகைச்சுவைப் படமாக்கினார். திருடர் தலைவனாகத் தாமே நடித்தார். அங்கே குகையைத் திறப்பது எள் அல்ல, அப்பம் தின்னும் ஆசை! சொல் மாறியது, சொல்லால் திறக்கும் கதவு மாறவில்லை.

நேயர்களே, இக்கதை எப்படி உலகுக்குக் கிடைத்தது தெரியுமா? சிரியாவின் அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப், 1709-இல் பாரிசில் அந்துவான் கல்லான் என்ற அறிஞருக்கு இதை வாய்மொழியாகச் சொன்னார். கல்லான் அதை விரித்து எழுத, 1717-இல் ஆயிரத்தொரு இரவுகள் வரிசையில் அச்சேறியது. அந்த நூலில் தியாபின் பெயர் இல்லை. கல்லானின் நாட்குறிப்பே அவரைக் காட்டிக்கொடுத்தது. தியாப் முதுமையில் எழுதிய பயண நினைவுகள் 2015-இல்தான் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தன. உலகமே கதையை அறிந்தது, சொன்னவரை மறந்தது.

நம் வீடுகளிலும் இது நேரலாம். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத எத்தனையோ தாய்மார்கள், திடலில் ஒருமுறை பார்த்த படத்தைப் பல இரவுகள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். குகையின் இருட்டை அந்தப் பிள்ளைகள் தங்கள் மனத்திலேயே கண்டார்கள். படம் அந்தத் தாய்க்குப் புத்தகமாயிற்று. தாயின் குரல் பிள்ளைக்குப் பள்ளியாயிற்று. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தனவா?

பிள்ளைகள் படம் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும், "கதையைச் சொல்லு, கேட்போம்" என்று அருகே அமர்த்திக் கேளுங்கள். மறந்த இடத்தை அவர்களே இட்டு நிரப்பட்டும். பிறகு பாட்டியிடம் ஒரு கதை கேளுங்கள். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சொன்னவர் பெயரையும் கீழே எழுதி வையுங்கள்.