அவர் தூங்கினால்தான் நாம் தூங்க முடியும்!

ராத்திரி ரயில் ஏறுகிறீர்கள். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, குழந்தைக்குப் போர்த்திவிட்டு லைட்டை அணைத்தால், அரக்கோணம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. விடிந்தால் "காபி, காபி!" சத்தம். ஊர் வந்தாச்சு.

ஆயிரம் பேருக்கு மேல் இப்படி நிம்மதியாகத் தூங்கும் வண்டியில், கண்ணை மூடவே கூடாத இரண்டு பேர் முன்னால் எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று யோசித்ததுண்டா?

நாம் 'ரயில் டிரைவர்' என்று சொல்பவருக்கு ரயில்வேயில் இன்றைய பெயர் லோகோ பைலட். பக்கத்தில் இருப்பவர் உதவி லோகோ பைலட். விமான பைலட் மாதிரியே இவருக்கும் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். அவர் மேகத்துக்கு மேலே போகிறார். இவர் தண்டவாளத்தில் போகிறார். உடம்பு படுகிற பாடு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ராயபுரத்துக்காரர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் ஆண்டு இங்கிருந்துதான் கிளம்பியது. ஆற்காடு என்று அன்று பெயர் வைத்திருந்த இன்றைய வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டர் போனது. அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்றும் நிற்கிறது. மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் ஷெட் ராயபுரத்தில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் கூட்ஸ் யார்டு. துறைமுகத்து கன்டெய்னர், எண்ணூர் நிலக்கரி என்று ராவும் பகலும் வண்டி ஓடுகிற பகுதி இது. இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டில், பகல் பதினோரு மணிக்கு ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். "நல்லா கொடுத்து வைத்தவர், பட்டப்பகலில் தூங்குறார் பாரு!" என்று சொல்லிவிடாதீர்கள். ராத்திரி முழுக்க உங்களைத் தூங்க வைத்துவிட்டு வந்தவர் அவர்.

பெட்டியும் கையுமாக...

அந்தக் காலத்தில் டிரைவரை எழுப்பி டியூட்டிக்குக் கூப்பிட 'கால் பாய்' ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார். இன்று செல்போன் அடிக்கிறது. அது ராத்திரி ஒரு மணிக்கும் அடிக்கும், மதியம் மூன்று மணிக்கும் அடிக்கும். முக்கியமாக கூட்ஸ் வண்டிக்காரர்களுக்கு நேரம் காலமே கிடையாது. சரக்கு ஏறி முடிந்து, லைன் கிடைத்தால்தான் வண்டி கிளம்பும்.

'லாபி' என்கிற அலுவலகத்துக்குப் போய் ஆஜர் சொல்ல வேண்டும். மது குடித்திருக்கிறாரா என்று மூச்சை ஊதச் சொல்லிச் சோதிப்பார்கள். பிறகு எஞ்சின். கூடூர், ஜோலார்பேட்டை, விஜயவாடா என்று ஏதோ ஓர் ஊரில் இறங்கினால் தங்குவதற்கு 'ரன்னிங் ரூம்'. கட்டில், மெத்தை, சமையல்காரர் எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய்கறி கொண்டுபோய்க் கொடுத்துச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடுவதும் பழைய வழக்கம்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு வெளியூரில் 8 மணி நேரமும், சொந்த ஊர் திரும்பினால் 16 மணி நேரமும் ஓய்வு என்பது விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எட்டு மணிக்குள்தான் குளியல், சாப்பாடு, வீட்டுக்குப் போன், அடுத்த டியூட்டிக்குத் தயாராவது எல்லாம். கழித்துப் பாருங்கள், தூக்கத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும்!

புது இடத்தில் தூக்கம் ஏன் வருவதில்லை?

"இடம் மாறினா எனக்குத் தூக்கமே வராதுங்க" என்று நம் வீட்டுப் பாட்டி சொல்வார். அது வெறும் மனப்பிரமை இல்லை. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் இரவு படுக்கும்போது மூளையின் ஒரு பாதி மற்ற பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை! காவல்காரன் மாதிரி அரை விழிப்பில் இருந்து, சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறது. நமக்கு இது வருஷத்துக்கு நாலு நாள் கல்யாண வீட்டில் நடக்கிறது. ஊர் ஊராகப் போகிறவருக்கு வாரத்தில் பாதி நாள் இப்படித்தான்.

இன்னொரு சிக்கல், உடம்புக்குள் ஓடும் கடிகாரம். அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் வந்தால் விழிப்பு, இருட்டினால் தூக்கம் என்பது அந்தக் கடிகாரத்தின் கணக்கு. அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பின் சூடு குறைந்து, கவனம் அடிமட்டத்துக்குப் போகும். நாம் ஆழ்ந்து தூங்கும் அந்த நேரத்தில்தான் லோகோ பைலட் அடுத்தடுத்த சிக்னலைத் தேடிக் கண்ணை விரிக்க வேண்டும்.

மூச்சில் தெரியாத போதை

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் நடந்து 1997-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று சொல்வதைக் கேளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். நம் நாட்டில் 30 மி.கி.யைத் தாண்டினாலே கார் ஓட்டக் கூடாது!

குடித்திருந்தால் லாபியில் உள்ள கருவி காட்டிக் கொடுத்துவிடும். தூங்காமல் வந்திருந்தால்? அதைக் காட்டிக் கொடுக்கும் ஊதுகுழாய் கிடையாது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் ஒரு வினாடியில் 30 மீட்டர் தாண்டிவிடும். ஐந்து வினாடி கண் அசந்தால் 150 மீட்டர்.

ரயில்வே இதற்கு வழி செய்யாமல் இல்லை. 60 வினாடி எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் எஞ்சினில் ஒரு விளக்கு மின்னும். பிறகு சத்தம் எழும்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற பழக்கமும் அதற்காகத்தான். ஆனால் எந்தக் கருவியும் தூக்கத்துக்குப் பதிலாகாது. 2024-ல் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் போராட்டம் நடத்தியபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். வார ஓய்வு முழுசாக வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் டியூட்டி கூடாது என்றார்கள். தூங்க நேரம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

தண்ணீர் குடிக்கவும் யோசனை

மணிக்கணக்கில் ஓடும் எஞ்சினில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது என்பது பல பேருக்குத் தெரியாது. கழிப்பறை வைத்த முதல் எஞ்சின் 2016-ல்தான் ஓடத் தொடங்கியது. 'எங்கே போய் ஒதுங்குவது' என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தால், எஞ்சின் சூட்டில் வியர்த்து வியர்த்து சிறுநீரகக் கல், சிறுநீர்த் தாரை எரிச்சல் எல்லாம் வரிசையாக வரும். பெண் லோகோ பைலட்டுகளுக்கு இது இன்னும் பெரிய அவஸ்தை.

நேரம் கெட்ட நேரத்துச் சாப்பாடு அடுத்த வில்லன். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிடும் பரோட்டாவை வயிறு பகல் மாதிரி ஜீரணிப்பதில்லை. சர்க்கரையும் அந்த நேரத்தில் கூடுதலாக ஏறும். நெஞ்செரிச்சல், தொப்பை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் என்று போகும் பாதை இது. லோகோ பைலட்டுக்கு 45 வயது வரை நாலு வருஷத்துக்கு ஒரு முறையும், 55 வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் மருத்துவப் பரிசோதனை உண்டு. அது வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் பரிசோதனை. உடம்பைக் காப்பது நம் கையில்தான்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்!

"எங்க வீட்ல ரயில் ஓட்டுறவங்க யாரும் இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மெடிக்கல் ரெப், கன்டெய்னர் லாரி டிரைவர், துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவர், ஆஸ்பத்திரி நர்ஸ், ராத்திரி கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் மகள் என்று எல்லாருக்கும் இது பொருந்தும்.

வெளியூர் போகிறவர்களுக்கு:

1. வீட்டுத் தலையணை உறை, பழகிய லுங்கி, போர்வை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். பழகிய துணியும் வாசனையும் இருந்தால் புது அறை அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. முடிந்தால் ஒரே விடுதியில், ஒரே அறையில் தங்குங்கள்.

2. ராத்திரி டியூட்டிக்கு முன்னால் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுங்கள். எழுந்த உடனே வண்டியை எடுக்காதீர்கள். மயக்கம் தெளிய அரை மணி ஆகும்.

3. டீ, காபி டியூட்டியின் முதல் பாதியோடு சரி. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். படுக்கப் போகும் முன் குடித்தால் தூக்கம் அம்பேல்தான்!

4. ராத்திரிக்கு இட்லி, தயிர் சாதம், சுண்டல், வாழைப்பழம் என்று லேசாகச் சாப்பிடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் ஒரு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

5. சளி, அரிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். மருந்து வாங்கும்போதே "ராத்திரி வண்டி ஓட்டுறேன் டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ஷிப்டுக்குத் தகுந்த நேரத்தை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகவே வேளையை மாற்றாதீர்கள். தூக்க மாத்திரை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை

பகல் தூக்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழுகிறது. ராயபுரம் மாதிரி நெருக்கமான தெருவில் மீன்காரம்மா குரல், கன்டெய்னர் லாரி ஹாரன், ஆடி மாதத்து ஒலிபெருக்கி என்று அதற்கு ஆயிரம் எதிரிகள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். மின்விசிறியின் ஒரே சீரான சத்தம் வெளிச் சத்தத்தை அமுக்கும். காதடைப்பான் மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். கேஸ் புக் பண்ணுவது, ரேஷன் கடை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அவர் எழுந்த பிறகு பேசுங்கள். "என்னங்க, ஒரு நிமிஷம்..." என்று நடுவில் எழுப்பினால் அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, எட்டு மணி நேரம் படுத்தும் அசதி என்று இருந்தால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. தூங்குபவருக்குத் தன் குறட்டை தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் கஷ்டமும் சின்னது இல்லை. தீபாவளிக்கு அவர் வேறு ஊரில் இருப்பார். பிள்ளையின் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீங்கள் மட்டும் போவீர்கள். அதனால் அவர் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ராத்திரி எட்டு மணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாலை நாலு மணியாகவும் இருக்கலாம்.

கடைசியாக, வாசலில் மாட்ட குழந்தையை விட்டே ஒரு அட்டை எழுதச் சொல்லுங்கள்: 'அப்பா ராத்திரி வேலை முடித்துத் தூங்குகிறார். பெல் அடிக்காதீர்கள்.' பக்கத்து வீட்டு வாசலில் அப்படி ஒரு அட்டை தொங்கினால், உங்கள் வீட்டு டி.வி. சத்தத்தையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.