லாரிக்கு ஜுரம் பார்க்கும் மீட்டர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் விற்பனையாகும் காய்கறியில் பெரும் பகுதி நம்மூர்ச் சரக்குதான். பாவூர்சத்திரம் போன்ற சந்தைகளில் லோடு ஏற்றும் லாரிகள், மறுநாள் வியாபாரம் தொடங்குமுன் கிள்ளிப்பாலம் வந்து சேர்ந்தாக வேண்டும். நாகர்கோவில், களியக்காவிளை வழியே வருவோருக்கு மலையேற்றம் இல்லை. செங்கோட்டை, புளியரை வழியே வருவோருக்கோ எஸ் வளைவும் கோட்டைவாசல் ஏற்றமும் காத்திருக்கின்றன. அதைக் கடந்தாலும் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மேடும் பள்ளமும் விடாமல் தொடரும்.

இப்படிப்பட்ட ஏற்றங்களில்தான் டர்போ லாரிகளின் ஆயுள் கரைகிறது. கடன் வாங்கி லாரி போட்டு, மாதந்தோறும் தவணை கட்டும் சொந்த வண்டிக்காரருக்கு, ஏற்றத்தில் பிஸ்டன் உருகி என்ஜின் பிடித்துக் கொண்டால் அந்த வருஷத்து வருமானமே போய்விடும். சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கோ பழி வந்து சேரும். "எப்படி ஓட்டினாய்?" என்று முதலாளி கேட்டால் அவரிடம் பதில் இராது. அவர் கண்முன் இருந்த மீட்டர் எதுவும் அவரை எச்சரித்திருக்காது.

ஹீட் மீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் சூடேறச் சில நிமிடங்கள் பிடிக்கும். சிலிண்டருக்குள் எரிந்து வெளியேறும் புகையின் சூடோ சில விநாடிகளில் 200, 300 டிகிரி ஏறிவிடும். ஹீட் மீட்டர் முள் நடுவிலேயே நிற்கும்போது உள்ளே பிஸ்டன் தலை வெந்துகொண்டிருக்கலாம். ஆகவேதான் புகையின் சூட்டை நேராக அளக்கும் தனி மீட்டரைப் பழைய டர்போ லாரிகளில் பொருத்திக்கொள்வது நல்லது என்கிறோம்.

வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பியூக்கி 1905ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ரயில்வேக்காரர்களுக்கு இது பழகிய சரக்கு. வாராணசித் தொழிற்சாலை 1964 முதல் செய்துவந்த 2600 குதிரைசக்தி டீசல் என்ஜின்களிலும் டர்போ உண்டு. லாரி டர்போ அளவில் சிறியது. ஆனால் அதன் அச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சுற்று வரை போகும்.

பெட்ரோல் வண்டிக்குப் பழகியவர்கள் இங்கே ஏமாந்து போவதுண்டு. பெட்ரோல் என்ஜினில் எரிபொருள் சற்றுக் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர் எதிர்; காற்றின் அளவுக்கு மிஞ்சி டீசல் பாய்ந்தால்தான் சூடு. இழுவை போதவில்லை என்று பம்பில் டீசலைக் கூட்டி வைத்துக்கொள்ளும் வண்டிகளில் கரும்புகையோடு சூடும் சேர்ந்தே வரும். அலுமினியம் உருகுவது 660 டிகிரி சென்டிகிரேடில். புகையின் சூடு முழுதும் பிஸ்டனில் இறங்குவதில்லை; உள்ளே வரும் காற்றும் என்ஜின் ஆயிலும் அதைக் குளிர்விக்கின்றன. என்றாலும் டர்போவுக்கு முன்னால் 650 டிகிரிக்கு மேல் முள் நிலைத்து நின்றால் காலைத் தளர்த்துவது புத்திசாலித்தனம். உச்ச அளவு என்ஜினுக்கு என்ஜின் மாறும். கம்பெனி புத்தகத்தில் உள்ளதே முடிவானது.

பேட்டரி இல்லாத மின்சாரம்

இந்த மீட்டரின் உயிர்நாடி தெர்மோகப்பிள் என்ற கம்பி. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்துச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். 1821ல் ஜெர்மன் விஞ்ஞானி சீபெக் கண்டது இது. லாரிக்கு வரும் கே வகைக் கம்பியில் 650 டிகிரிக்குக் கிடைப்பது 27 மில்லிவோல்ட்தான். டார்ச் செல்லின் ஐம்பதில் ஒரு பங்கு கூட இல்லை. எனவே கம்பி எட்டவில்லை என்று சாதாரண எலெக்ட்ரிக் ஒயரை ஒட்டுப்போட்டால் கணக்கு தவறிவிடும். நீளம் வேண்டுமானால் அதே வகைக் கம்பியைத்தான் வாங்க வேண்டும்.

துளை எங்கே?

வேலையின் கஷ்டமெல்லாம் இதில்தான். எல்லா சிலிண்டர் புகையும் ஒன்றுகூடி டர்போவுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் துளை போட்டு, 1/8 அங்குல பைப் மரை வெட்டி, கம்பியின் முனை புகை ஓட்டத்தின் நடுவில் நிற்கும்படி பொருத்த வேண்டும். ஆறு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் மேனிபோல்டு உள்ளே மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கும். நடுச்சுவரில் துளை போட்டுவிட்டு விழிக்கக் கூடாது.

துளை போட்ட இரும்புத் தூள் உள்ளே தங்கினால் ஆபத்து. ஒரு லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தில் ஒரு துணுக்குப் பட்டாலும் இதழ் சேதமாகும். டிரில்லிலும் டேப்பிலும் கிரீஸ் தடவித் தூளைப் பிடிப்பார்கள்; காந்தத்தால் எடுப்பார்கள்; என்ஜினை ஓடவிட்டுப் புகையே தூளை வெளியே தள்ளட்டும் என்பாரும் உண்டு. மேனிபோல்டையே கழற்றி, துளை போட்டு, துடைத்து மாட்டுவதுதான் சரி. ஆண்டுக்கணக்கில் வெந்த ஸ்டட் ஒடியலாம். கேஸ்கெட் புதிதாக வேண்டும். ஒரு நடை வருமானம் போகும். டர்போ விலையோடு பார்த்தால் இது பெரிதல்ல.

துளைக்கு அஞ்சி, டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் வெல்டிங் வைத்துப் பொருத்துவோர் உண்டு. தூள் பயம் இல்லை. ஆனால் லோடில் அங்கே சூடு 100, 150 டிகிரி குறைவாகக் காட்டும். எவ்வளவு குறையும் என்பதும் ஒரே நிலையாக இராது. அங்கே 550 என்றால் முன்னால் 700 ஆகவும் இருக்கலாம். இத்தனை சிரமப்பட்டு மீட்டர் மாட்டுகிறவர் அதை முன்னாலேயே மாட்டுவது மேல் என்பது நம் கட்சி.

மற்றவை சில்லறை வேலை. மீட்டருக்குச் சாவி வழி மின்சாரம், நடுவில் ஒரு பியூஸ், நல்ல எர்த். கம்பி சூட்டுக் குழாயிலும் ஸ்டியரிங்கிலும் உரசக் கூடாது. மீட்டர் பாரன்ஹீட்டில் இருந்தால் 1200 என்பது நம் 650.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகைச் சூட்டை அளக்கும் சென்சார்கள் கம்பெனியிலேயே வருகின்றன. அவற்றில் கை வைக்க வேண்டாம்.

முள் ஏறினால்

ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுக்க வைப்பது சாமர்த்தியம் என்று ஒரு எண்ணம் நம் டிரைவர்களிடம் உண்டு. மீட்டர் மாட்டிய வண்டியில் இந்த எண்ணம் ஒரே நடையில் மாறிவிடும். சுற்று குறைந்து என்ஜின் முக்கும்போது முள் விறுவிறுவென ஏறும். ஒரு கியர் குறைத்தால் சத்தம் கூடுகிறது, சுற்று கூடுகிறது, காற்றும் கூடுகிறது, முள் இறங்குகிறது. சத்தத்தைக் கேட்டு, "அண்ணே, என்ஜின் கத்துதே" என்று கிளீனர் பதறுவான். கத்துகிற என்ஜினை விட முக்குகிற என்ஜினுக்குத்தான் ஆபத்து.

பழகிய பாதையில், பழகிய லோடில் முள் வழக்கத்தை விட 50 டிகிரி மேலே நின்றால் ஏர் கிளீனரை முதலில் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து காற்று வரும் ஹோஸ் விண்டிருந்தாலும் இதே கதை. கேட்காமலே நோய் சொல்லும் இந்தக் குணத்துக்காகவே மீட்டருக்குக் கொடுத்த பணம் தகும்.

வண்டியை நிறுத்தும்போதும் முள்ளைப் பார்த்தே நிறுத்த வேண்டும். சூடான டர்போவோடு என்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, அச்சில் தங்கிய ஆயில் கரியாகிவிடும். 200 டிகிரிக்குக் கீழே வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். சாலைக் கடைத்தெருவில் இதற்கு அவசியமே நேராது. கிள்ளிப்பாலத்து நெரிசலில் ஊர்ந்து வருவதற்குள் முள் தானே இறங்கியிருக்கும். காத்திருக்க வேண்டியது, ஏற்றம் முடிந்த கையோடு வண்டியை ஓரங்கட்டும் கோட்டைவாசல் டீக்கடை முன்னால்தான்.