அரிசி களைந்த தண்ணீரும் புதுக் காரும்

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. லாரி எப்போது வரும் என்று காலிக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு அந்தக் கோடை மறக்காது. அதே ஆண்டின் கடைசியில் கோயம்பேட்டில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் புதிய நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தமாக்கி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிற நிலையம். அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 5,000 நடை! மணலி ஆலைகளுக்காகக் கொடுங்கையூரிலும் இதே அளவில் ஒன்று இருக்கிறது.

தொழிற்சாலைகளை அழைக்கும் அரசுகள் நிலம் தருகின்றன, வரியைக் குறைக்கின்றன. ஏரித் தண்ணீரில் பங்கு கேட்காத இந்தக் குழாயை அவற்றைவிடப் பெரிய உதவி என்பேன்.

ஆலைக்கு வெறும் தண்ணீர் போதாது. கழுவிய எவர்சில்வர் தட்டைத் துடைக்காமல் வைத்தால், துளி காய்ந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழுமே, அது தண்ணீரில் கரைந்திருந்த உப்பு. பெயின்ட் அடிக்கப் போகும் கார் பாடியில் அப்படி ஒரு திட்டு தங்கினால், பின்னாளில் பெயின்ட் கொப்புளித்து, அடியில் துரு பிடிக்கும். பாய்லருக்குள்ளும் உப்பு படியக்கூடாது.

சாக்கடையின் அழுக்கை முதலில் தின்பவை பாக்டீரியாக்கள். தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அவை பெருகி, கரைந்திருக்கும் கழிவைத் தீர்த்துவிடும். பிறகு வடிகட்டிகள் மிச்சத் தூசியையும் கிருமிகளையும் நிறுத்துகின்றன. ஆனால் கரைந்த உப்பு இந்த வடிகட்டிகளில் நிற்காது. அங்கேதான் ஆர்.ஓ. வேண்டியிருக்கிறது.

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். உப்பு இருக்கும் பக்கம் நோக்கி, செல்களின் மெல்லிய சவ்வைத் தாண்டித் தண்ணீர் போகிறது. அந்தப் போக்கைத் திருப்புவதுதான் ஆர்.ஓ. உப்புள்ள பக்கத்தில் பம்ப் வைத்து அழுத்தினால் தண்ணீர் சவ்வைக் கடந்து வந்துவிடும், உப்பு பெரும்பாலும் பின்தங்கிவிடும். பாய்போலச் சுருட்டி வைத்திருக்கும் அந்தச் சவ்வில் உப்பைத் தடுக்கும் அடுக்கு, தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாக்கடையில் அதில் சிறு பங்குதான். எனவே அழுத்தமும் மின்சாரமும் கடல்நீரைவிட வெகுவாகக் குறையும்.

பயன்படக்கூடிய முதல் சவ்வை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. பெட்டியும் அந்த வழியில் வந்ததுதான். சௌரிராஜன் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

பிரிந்த உப்பு மறைந்துவிடுவதில்லை. சவ்வைக் கடக்காமல் மிஞ்சும் ரிஜெக்ட் நீரில் செறிந்து நிற்கிறது, அதைக் கவனமாக அகற்றுவது தீராத வேலை. ஆனால் சாக்கடையின் வரத்து நிற்காது. மழை பொய்த்த ஆண்டிலும் ஊர் குளிக்கும், பாத்திரம் தேய்க்கும், அரிசி களையும். அந்தக் கழுநீர்தான் பாக்டீரியாவையும் சவ்வையும் தாண்டி, ஒரகடம் வரை குழாயில் போய், புதுக் கார் பாடியின் மேல் திட்டு விழாமல் வழிகிறது.