தவிலடியும் எலெக்ட்ரானும்

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தில் மேளம் முழங்குகையில், நாதஸ்வரம் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினால் அது இன்ன ஸ்வரம் என்று காது ஐயமறச் சொல்லிவிடும். அந்த நாதம் எந்தக் கணத்துக்கு உரியது என்று கேட்டாலோ, நீண்டு பரந்த அதற்கு ஒரு கணத்தைச் சுட்ட இயலாது. ஒற்றைத் தவிலடி தான் விழுந்த கணத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் பல அதிர்வுகள் கலந்திருப்பதால் அதன் ஸ்வரம் கலங்கிவிடும். இது செவியின் குறையன்று. அலை உள்ள இடமெல்லாம் உள்ள கணிதம்.

எலெக்ட்ரானும் அலையின் ஸ்வபாவம் உடையது. அதன் அலைநீளமே அதன் உந்தத்தை நிர்ணயிக்கிறது. ஆகவே அதன் ஸ்தானத்தை ஒடுக்க ஒடுக்க உந்தம் கலங்கியே தீரும் என்பதுதான் 1927-இல் வெர்னர் ஹைசன்பர்க் வெளியிட்ட நிச்சயமின்மைத் தத்துவம். இரண்டின் நிச்சயமின்மைகளையும் பெருக்கினால் வரும் தொகை, பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்த அளவுக்குக் கீழே இறங்காது. தசமப் புள்ளிக்குப் பின் 34 சுழியங்களைக் கடந்த பிறகே இலக்கம் தொடங்கும் அத்தனை சிறிய எண் அது; டெக்கா சந்தையைக் கடக்கும் பேருந்துக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் ஓர் எலெக்ட்ரானை அணுவின் அளவுக்குள், அதாவது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்குள் அடைத்தால், அதன் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நிச்சயமின்மை புகுந்துவிடும்.

அளப்பதற்காகப் பாய்ச்சும் ஒளி எலெக்ட்ரானைத் தள்ளிவிடுவதே காரணம் என்று பலரும் விளக்குவர். ஹைசன்பர்க்கும் அவ்வாறுதான் தொடங்கினார். எனக்கு அந்த விளக்கத்தில் திருப்தி இல்லை. கருவி போதிய சூட்சுமம் பெற்றால் குறை தீரும் என்ற பொய்யாசையை அது வளர்க்கிறது.

இரு பிளவுகளை எதிர்கொள்ளும் எலெக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே சென்றது என்ற அறிவு பெருகப் பெருக, அப்பால் திரையில் விழும் அலைக்குரிய கீற்றுக் கோலம் மங்கும். இந்த அலை-துகள் இருமை, நெடுங்காலம் தனித் தத்துவமாகவே கருதப்பட்டு வந்தது. அதுவும் நிச்சயமின்மையும் ஒன்றே என்று தகவல் சாஸ்திரத்தின் அளவுகோலால் 2014-இல் நிறுவியவர்கள், கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் அப்போது பணியாற்றிய பேட்ரிக் கோல்ஸ், கனியெவ்ஸ்கி, ஸ்டெஃபனி வேனர் ஆகிய மூவர். நம் ஊரில் விளைந்த இந்த ஞானம் நம் வீடுகளை எட்ட வேண்டும். பௌதிகம் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த திருவிழாவுக்கு அழைத்துச் சென்று மேளக்காரர்களின் அருகில் சற்று நேரம் நிற்க வையுங்கள்.