முளைப்பாரிப் பாட்டுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரா

ஊர்ப் பொங்கல் முடிந்த மறுநாள் விருதுநகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் வந்து பாருங்கள். தெருவுக்கு நாலு பேருக்காவது தொண்டை கட்டியிருக்கும். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டிப் பாடிய பெண்கள், மைக் பிடித்து அறிவிப்புச் செய்த இளவட்டங்கள், வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே கைவைத்தியம்தான்: மிளகைக் கடி, பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள், சுக்குவெந்நீர் குடி. பலருக்கு இரண்டு நாளில் சரியாகியும் விடுகிறது. சிலருக்கு ஆவதில்லை. வருஷா வருஷம் கட்டிக் கட்டி, கணீரென்று இருந்த குரல் கரகரப்பாகவே தங்கிவிடுகிறது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மிளகும் கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் குரல் பிறக்கும் இடத்தை அவை தொடுவதே இல்லை. விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல் நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் தவறிப் போனாலும் புரையேறி இருமித் தள்ளிவிடுவோம்.

குரல் நாண்கள் என்பவை சளிச்சவ்வு போர்த்திய இரண்டு சிறு மடிப்புகள். பெரியவர்களுக்கே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். நுரையீரலிலிருந்து மூச்சு மேலே வரும்போது அவை கைதட்டுவதுபோல் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது இந்த மோதல் விநாடிக்கு 400 தடவைக்கு மேல் நடக்கிறது. மேல் ஷட்ஜத்தில் மட்டும் மொத்தம் ஒரு நிமிஷம் நின்றால் 24,000 மோதல். கத்திப் பாடினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். நாண்கள் வீங்கும், கனக்கும், குரல் கம்மும். பல காலம் இப்படியே தொடர்ந்தால் மோதும் இடத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் காய்த்துவிடும்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாத நாடக மேடையில் கொட்டகை முழுக்கக் கேட்கப் பாடினார்கள். இன்று மைக் இருந்தும் நம் ஆட்கள் கத்துகிறார்கள். காரணம், பக்கத்திலேயே முழங்கும் உறுமியும் ஒலிபெருக்கியும். சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைக் கண்டு சொன்னார். போதாததற்கு, சாயங்காலம் வரை பேச்சில் மட்டும் இருந்த தொண்டை, எடுத்த எடுப்பில் உச்ச சுருதிக்குப் போகிறது.

இங்கேதான் ஸ்ட்ரா வருகிறது. வாயில் ஸ்ட்ராவை வைத்து உதட்டை இறுக்கி மூடி, ‘ஊ’ என்று ஒலி எழுப்புங்கள். காற்று அந்தக் குறுகிய வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் அழுத்தம் ஏறி, மேலிருந்து நாண்களைத் தாங்குகிறது. அவை சற்று விலகி நின்று, மெல்லத் தொட்டு அதிர்கின்றன. ஸ்ட்ராவில் நிற்கும் காற்றும் அந்த அதிர்வுக்குத் தோள் கொடுக்கிறது. ஆக, குறைந்த மூச்சில் ஒலி பிறக்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது நாண்கள் நன்றாக நீள்கின்றன. அடி மட்டும் விழுவதில்லை. பாடுகிறவருக்கு இது நல்ல பயிற்சி.

பின்லாந்தில் ஆன்ட்டி சோவியார்வி என்ற பேராசிரியர் 1960-களிலேயே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி இப்படிப் பயிற்சி கொடுத்தார். இயற்பியல் படித்துவிட்டுக் குரல் ஆராய்ச்சிக்கு வந்த அமெரிக்க அறிஞர் இங்கோ டிட்ஸி, அது ஏன் பலிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டு 2006-ல் விளக்கினார். ஸ்ட்ராவை உலகம் முழுக்கப் பாடகர்களிடம் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் தெருவில் சின்னப் பிள்ளைகள் உதட்டைப் படபடக்க வைத்து ‘டுர்ர்ர்’ என்று பஸ் ஓட்டுகிறார்களே, அதுவும் இதே வகைதான். பாட்டு வகுப்புகளில் வாயை மூடி ‘ம்’ என்று பாடச் சொல்வதும் அப்படியே.

செய்முறை எளிது. டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனி இரண்டு சென்டிமீட்டர் முங்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பேசும் சுருதியில் ‘ஊ’ சொன்னால் தண்ணீர் சீராகக் கொப்புளிக்க வேண்டும். கொப்புளம் விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். ஒரு தடவை மூக்கைப் பொத்திப் பாருங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் ஆனதும் தண்ணீரை விட்டுவிட்டு, வெறும் ஸ்ட்ராவில் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போய், அப்படியே இறங்குங்கள். பிறகு சரளி வரிசையையோ அன்றைக்குப் பாடப்போகிற கும்மி மெட்டையோ ஸ்ட்ரா வழியாகவே பாடுங்கள். கடைசியாக ஸ்ட்ராவை எடுத்துவிட்டு அதே மெட்டை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். குரல் முன்னால் வந்து நிற்பதுபோல் இருக்கும். மொத்தம் ஐந்து நிமிஷம். பாடி முடித்த பிறகும் ஒரு நிமிஷம் செய்தால் நாண்களுக்கு ஓய்வு. தலை சுற்றினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு இளநீர்க் கடையில் தருகிற அகல ஸ்ட்ரா சுலபம். பழகிய பிறகு ஜூஸ் டப்பாவில் ஒட்டி வருகிற சின்ன ஸ்ட்ராவுக்குப் போகலாம். பிளாஸ்டிக் ஸ்ட்ரா தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. காகித ஸ்ட்ரா தண்ணீரில் சீக்கிரம் ஊறிவிடும். எவர்சில்வர் ஸ்ட்ரா வாங்கிக் கழுவி வைத்துக்கொள்வதே நல்லது. ஆளுக்கொன்று இருக்கட்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பகலில் பட்டாசு ஆபீஸிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி கும்மிக்கு வருகிற அக்காமார்கள் இங்கே உண்டு. வெடிமருந்துத் தூசியும் புகையும் வெயிலும் நாண்களின் சவ்வை உலர்த்தி உறுத்தும். ஸ்ட்ரா அந்தத் தூசியைக் கழுவாது. வேலை நேரத்தில் முகக்கவசமும், நாள் முழுக்கத் தண்ணீரும்தான் அதற்கு வழி. குடிக்கிற தண்ணீர் நாண்களை நேராகத் தொடாவிட்டாலும் உடம்பு வழியாகப் போய் அவற்றை ஈரமாக வைக்கிறது.

ஸ்ட்ராவை சர்வரோக நிவாரணியாக நினைத்துவிட வேண்டாம். செய்த உடனே குரல் இலகுவாகிறது என்று பலரும் உணர்கிறார்கள். ஆய்வுகளிலும் அது தெரிகிறது. ஆனால் பல ஆய்வுகள் சிறு எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்தவை. மற்றக் குரல் பயிற்சிகளைவிட இதுவே உயர்ந்தது என்று சொல்ல முடியாது. அதிகச் செலவில்லாதது, மிரட்டாதது, யாரும் செய்யக்கூடியது என்பதால் நான் இதைச் சிபாரிசு செய்கிறேன். பாட்டுக்காரர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும்தான். குரல் கோளாறு ஆசிரியர்களிடம் அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காலை மணி அடிக்குமுன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள், டீச்சர்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் போகவில்லையா? ஸ்ட்ராவையும் கற்கண்டையும் வைத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறு கேமரா விட்டு நாண்களை நேரில் பார்க்க வேண்டும். ஆமத்தூர்க்காரர்கள் இதற்காக மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அதன் மருத்துவமனையில் போய்க் காட்டுங்கள்.