பிடித்தால் ஓடும் கட்டைகள்

சி, இ, ஜி. கீபோர்டில் இந்த மூன்று வெள்ளைக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் சி மேஜர் கார்டு. மூன்று ஸ்வரமும் ஒன்றாக எழுந்து அப்படியே நிற்கும். கையை எடுத்துவிட்டு, ஓரத்தில் 'ஆர்ப்' என்று எழுதியிருக்கும் பொத்தானைத் தட்டுங்கள். மறுபடி அதே மூன்றைப் பிடியுங்கள். இப்போது நிற்காது, நடக்கும்: சி, இ, ஜி, சி, இ, ஜி... விரல் அசையவே இல்லை, ஆனால் ஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையைச் செய்வது ஆர்பெஜியேட்டர். பெயரின் வேர் இத்தாலியச் சொல். ஹார்ப் மீட்டுவதுபோல் கார்டை ஸ்வரம் ஸ்வரமாக உதிர்ப்பது என்று பொருள். யாழ் மீட்டியவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. இசையமைப்பாளர் பாக் 1722ல் தொகுத்த நூலின் முதல் உருப்படியான சி மேஜர் ப்ரெலூட், ஏறக்குறைய முழுவதும் இந்த உதிர்ப்புதான். அதை விரலில் சீராகக் கொண்டுவர நிறையச் சாதகம் வேண்டும். அந்தச் சாதகத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்த தொடக்ககாலக் கருவிகளில் ஒன்று ரோலண்டின் ஜூபிடர்-4, 1978ல் வந்தது. டுரான் டுரான் குழுவின் 'ரியோ' பாட்டில் ஓடும் ஸ்வரத் தூறல் அதிலிருந்து பிறந்ததுதான்.

அப்போது அது ஒரு ஆள் தூக்கத் திணறும் பெட்டி. இன்று அகாய் எம்பிகே மினி போன்ற 25 கட்டைக் கீபோர்டு தோள்பையில் அடங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே பலர் திகைக்கும் இடம் ஒன்று உண்டு: இத்தகைய மிடி கீபோர்டுகள் பலவற்றில் சொந்தக் குரல் கிடையாது. கணினிக்கோ போனுக்கோ அது அனுப்புவது வெறும் எண்கள். நடு சி என்றால் 60, இ என்றால் 64, ஜி என்றால் 67. '60ஐத் தொடங்கு, இவ்வளவு அழுத்தத்தில்' என்று ஒரு செய்தி, '60ஐ நிறுத்து' என்று இன்னொன்று. ஆர்பெஜியேட்டர் செய்வதும் இவ்வளவுதான். நீங்கள் பிடித்திருக்கும் கட்டைகளை உள்ளே பட்டியல் போட்டுக்கொள்ளும். கடிகாரம் தட்டும்போதெல்லாம் ஒன்றை நிறுத்தி அடுத்ததைத் தொடங்கும். வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு, பகுப்பு 1/16, அதாவது தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மில்லிவிநாடி.

எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பதை எம்பிகே மினியில் கட்டைகளிலேயே சொல்லலாம். ஆர்ப் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் கட்டைகள் ஸ்வரத்தை விட்டுவிட்டு ஸ்விட்சுகளாகிவிடும். மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஏறுவது, இறங்குவது, கண்டபடி தாவுவது எல்லாம் கேட்டதுமே புரிந்துவிடும். குழப்புவது 'இன்க்ளூசிவ்', 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற இரட்டையர். இரண்டும் ஏறி இறங்குபவைதான். முன்னது முனைகளை இருமுறை வாசிக்கும்: சி, இ, ஜி, ஜி, இ, சி. பின்னது முனையைத் தொட்டதும் திரும்பிவிடும்: சி, இ, ஜி, இ. ஒன்று ஆறு, மற்றது நான்கு. எக்ஸ்க்ளூசிவில் வைத்து சி, இ, ஜி, பி, மேல் சி ஐந்தையும் கொஞ்சம் நிதானமான வேகத்தில் பிடித்துப் பாருங்கள். 2016ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தலைப்பிசை உங்கள் மேசையில் ஓடும்.

எனக்குப் பிடித்தது 'ஆர்டர்'. மற்றவை ஸ்வரங்களைத் தாங்களே அடுக்கிக்கொள்ளும். இது மட்டும் நீங்கள் எந்த வரிசையில் அழுத்தினீர்களோ அதே வரிசையில் பாடும். கார்டு, கார்டாக இல்லாமல் ஒரு ஸ்வரப் பிடியாக மாறுவது இங்கேதான்.

'லாட்ச்' போட்டால் கையை எடுத்த பிறகும் ஓட்டம் நிற்காது; இன்னொரு கையும் கிடைத்த மாதிரி. ஆனால் அடுத்த கார்டுக்குப் போகும்போது விரல்கள் ஒன்றாக விழ வேண்டும். கட்டைவிரல் கொஞ்சம் முந்திவிட்டால், புதுக் கார்டு அந்த ஒற்றை ஸ்வரத்தோடு தொடங்கித் திக்கும். இயந்திரம் வாசிக்கிறது என்று நாம் அசந்துவிடக் கூடாது.

நான் அசந்தது வேறு இடத்தில். கணினியில் டிரம் 96 வேகத்தில் ஓட, கீபோர்டின் 'டாப் டெம்போ' பொத்தானை அதன் கூடவே தட்டித் தட்டி வேகம் சொல்லிக்கொடுத்தேன். முதல் சில வரிகள் ஒட்டி வந்தன. பிறகு மாட்டுவண்டியின் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் போனதுபோல் ஆயிற்று. 96க்கு அருகே என்பது 96 ஆகாது. இதற்கு மருந்து மிடி கடிகாரம்: கீபோர்டின் அமைப்பில் 'எக்ஸ்டர்னல்' என்று வைத்துவிட்டால், கணினி அனுப்பும் துடிப்பையே அது பின்தொடரும்.

அந்தத் துடிப்பு ஒரு தட்டுக்கு 24. ஏன் 24? 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண் அது. 1/16க்கு ஆறு துடிப்பு, 1/8 டிரிப்லெட்டுக்கு எட்டு. நம் தாளக் கணக்கில் சொன்னால் நான்கான சதுஸ்ரமும் மூன்றான திஸ்ரமும் சுத்தமாக விழும். ஐந்தான கண்டம் விழாது, 24ஐ ஐந்தால் வகுத்தால் நான்கு மிஞ்சும். ஏழான மிஸ்ரத்துக்கும் இதே கதிதான். சின்னக் கீபோர்டில் கண்ட நடைக்குப் பொத்தானைத் தேடி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

நடையாகக் கிடைக்காவிட்டாலும் கோவையாகக் கிடைக்கும். பகுப்பை 1/16லேயே விடுங்கள், ஏறுவரிசையில் ஐந்து கட்டைகளைப் பிடியுங்கள். தட்டு நான்காக ஓடும், ஸ்வரம் ஐந்தாகச் சுழலும். பிடிக்கும்போது அடிக்கட்டையை மட்டும் சற்று ஓங்கி அழுத்துங்கள். பல கருவிகளில் ஒவ்வொரு ஸ்வரமும் விரல் கொடுத்த அழுத்தத்தோடேயே திரும்பத் திரும்ப வரும். அந்த ஓங்கிய ஸ்வரம் தட்டில் விழும், அடுத்த சுற்றில் தட்டைத் தாண்டி விழும், பிறகு இன்னும் தள்ளி. ஐந்து தட்டுக்கு ஒருமுறை மறுபடி தட்டில் உட்காரும்.

இதன் மேல் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். ஆவர்த்தனத்துக்கு எட்டுத் தட்டு, தட்டுக்கு நான்காக 32 மாத்திரை. ஐந்து அதில் அடங்காது. முதல் ஆவர்த்தன முடிவில் இரண்டு மாத்திரை மிஞ்சும், இரண்டாவதில் நான்கு. கை தன்பாட்டுக்குப் போடட்டும். ஐந்தாவது ஆவர்த்தனம் முடிந்து கை சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, வரும்போது ஓங்கிய அந்த ஸ்வரமும் அங்கே வந்து விழும். 120 வேகத்தில் அதற்குச் சரியாக 20 விநாடி.